நிமிடங்களில் மாறும் பேரடைகள்: அறுபது ஆண்டுகளாகத் தொடரும் ஒரு கேள்வி

2006 யூலை 28 இரவு, நமீபியாவின் கோமாஸ் மேட்டுநிலத்தில் உள்ள ஹெஸ் தொலைகாட்டிகள் நான்கும் பி.கே.எஸ். 2155-304 என்ற விண்மீன் பேரடையை நோக்கியிருந்தன. சுமார் ஒன்றரை மணித்தியாலப் பதிவில் ஐந்து எழுச்சிகள் ஒன்றை ஒன்று தொட்டபடி வந்தன. காமாக் கதிர் வானியலில் அளவுகோலாகக் கொள்ளப்படும் நண்டு நெபுலாவைவிட அந்தப் பேரடை அன்று சராசரியாக ஏழு மடங்கு பிரகாசமாக இருந்தது. மிக வேகமான எழுச்சி உச்சத்தைத் தொட ஏறக்குறைய மூன்று நிமிடமே எடுத்தது. அந்த ஒளி புறப்பட்டு நூறு கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது.

பேரடையின் நடுவிலுள்ள கருந்துளையின் நிறையைச் சூரியனைப்போல் நூறு கோடி மடங்கு என்று வைத்துக்கொள்வோம். அதன் நிகழ்வெல்லையின் ஆரை 300 கோடி கிலோமீற்றர். அந்தத் தூரத்தைக் கடக்க ஒளிக்கு இரண்டே முக்கால் மணித்தியாலம் வேண்டும். 200 செக்கனில் ஒளி போகக்கூடியதோ 6 கோடி கிலோமீற்றர். நமக்கும் சூரியனுக்கும் இடையிலுள்ள தூரத்தில் பாதிகூட இல்லை. இயந்திரம் இவ்வளவு பெரிதாக இருக்க, அதிலிருந்து வரும் ஒளி இத்தனை விரைவாக ஏறி இறங்குவது எப்படி? அந்த ஒளி கருந்துளையின் அருகில் பிறக்கிறதா, அதிலிருந்து பாயும் தாரையில் எங்கோ தொலைவில் பிறக்கிறதா? இந்த இரண்டு கேள்விகளுக்கும் சொல்லப்பட்ட விடைகள், அவை எழுந்த விதம், அவற்றின் பலவீனங்கள் ஆகியவற்றையே இக்கட்டுரை பார்க்கிறது.

கணக்கு சரி, முடிவு பிழை

கேள்வி காமாக் கதிர்களுக்கு முந்தியது. 1963இல் மார்ட்டின் ஷ்மிட் 3சி 273 என்ற குவாசாரின் செந்நகர்வை 0.158 என்று கண்டார். அது நமது பேரடைக்கு வெகு அப்பால் உள்ளது என்பது அப்போது தெரிந்தது. அதே ஆண்டில் ஹார்லன் ஸ்மித்தும் டொரிற் ஹொஃப்லிற்றும் ஹார்வர்ட் வான்நோக்கு நிலையத்தின் பழைய கண்ணாடித் தகடுகளைப் புரட்டி, அதன் பிரகாசம் ஆண்டுக்கு ஆண்டு மாறிவந்திருப்பதைக் காட்டினர். பேரடை அளவுள்ள பொருள் அப்படி மாற முடியாது. ஒரு கோடியில் நடப்பது மறுகோடிக்குத் தெரியவே பல்லாயிரம் ஆண்டு ஆகும். மாற்றத்தின் காலத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் கிடைப்பதே பொருளின் பருமனுக்கு மேல்எல்லை என்ற வாதத்தை ஜேம்ஸ் ரெரல் 1964இல் குவாசார்களுக்குப் பிரயோகித்தார். இன்றுவரை இத்துறை முழுவதும் அந்த ஒற்றை வரியின் மேல்தான் நிற்கிறது.

1966இல் ஹொய்ல், பேர்பிட்ஜ், சார்ஜன்ற் ஆகியோர் அந்த வரியை அதன் எல்லைவரை கொண்டுபோனார்கள். இவ்வளவு சிறிய இடத்தில் இவ்வளவு ஒளி அடைபட்டிருந்தால், அங்குள்ள இலத்திரன்கள் தம் சொந்த ஒளியுடனேயே மோதி நொடியில் சக்தியை இழந்துவிடும். பொருள் ஒளிரவே முடியாது. ஆகவே குவாசார்கள் தொலைவில் இல்லை, அருகில்தான் இருக்கின்றன என்று அவர்கள் முடிவுகட்டினார்கள். கணக்கில் தவறில்லை. ஒளிரும் பொருள் அசையாமல் நிற்கிறது என்ற சொல்லப்படாத அனுமானமே பிழை. மார்ட்டின் ரீஸ் அதே ஆண்டில் மறுபக்கத்தைத் திறந்தார். ஒளிக்குச் சற்றுக் குறைந்த வேகத்தில் நம்மை நோக்கி வரும் பொருள் தன் ஒளியைத் தானே துரத்திக்கொண்டு வருகிறது. அதனால் அங்கே நீண்ட நேரம் நடந்தது இங்கே சுருங்கித் தெரியும். பிரகாசம் பெருகித் தெரியும். பக்கவாட்டு அசைவு ஒளியை மிஞ்சிய வேகம்போலத் தோன்றும். 1971இல் ரேடியோ தலையீட்டுமானிகள் அப்படி ஒரு தோற்றவேகத்தை உண்மையிலேயே கண்டன.

மற்றொரு நூலும் இதனுடன் வந்து சேர்ந்தது. 1929இல் குனோ ஹொஃப்மைஸ்ரர் மாறும் விண்மீன் என்று பதிந்துவைத்த பி.எல். லசேர்ட்டே ஒரு ரேடியோ மூலம் என்பது 1968இல் தெரியவந்தது. பத்தாண்டு கழித்து, 1978இல் பிற்ஸ்பேர்க்கில் கூடிய மாநாட்டில் ரொஜர் பிளான்ட்ஃபோர்டும் ரீஸும் சேர்ந்து சட்டகத்தை வகுத்தனர்: இவை நம் பார்வைக்கோட்டுக்கு நேராகத் தாரையை நீட்டிக்கொண்டிருக்கும் பேரடைகள். பிளேசார் என்ற பெயரும் அங்கேதான் பிறந்தது. கருந்துளையின் சுழற்சிச் சக்தியைக் காந்தப்புலம் எப்படித் தாரையாக வெளியே இழுக்கிறது என்பதைப் பிளான்ட்ஃபோர்டும் ஸ்னாயெக்கும் அதற்கு ஓராண்டு முன்னரே எழுதியிருந்தார்கள். 1980களின் தொடக்கத்தில் பலருக்கும் கேள்வி தீர்ந்துவிட்டதாகவே பட்டிருக்க வேண்டும். நாள்களிலும் மாதங்களிலும் மாறும் ஒளிக்கு, நம்மை நோக்கிய ஓட்டத்தால் வரும் பத்து மடங்கு டொப்ளர் பெருக்கம் போதுமாக இருந்தது.

ஒரு வெளிச்ச வட்டத்தின் பருமன்

அந்த நிம்மதியைக் கலைத்தவை கருவிகள். 1991இல் ஏவப்பட்ட கொம்ப்ரன் செய்மதியின் எக்ரெற் உணரி, அதே ஆண்டு யூனில் 3சி 279 என்ற பிளேசாரிலிருந்து மிகுந்த காமாக் கதிர்களைக் கண்டது. மறு ஆண்டு அரிசோனாவின் விப்பிள் தொலைகாட்டி மார்க்காரியன் 421 என்ற பிளேசாரிலிருந்து அதைவிடப் பல நூறு மடங்கு சக்தி வாய்ந்த கதிர்களைப் பிடித்தது.

செய்மதியால் முடியாததைத் தரைக் கருவி ஏன் செய்கிறது என்பதை இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். வளிமண்டலத்துக்குள் நுழையும் உயர்சக்திக் காமாக் கதிர் பத்துக் கிலோமீற்றர் உயரத்தில் உடைந்து துணிக்கை மழையாகிறது. அம்மழை உமிழும் நீலநிறச் செரென்கோவ் ஒளி தரையில் ஏறக்குறைய 250 மீற்றர் விட்டமுள்ள வட்டமாக விழுகிறது. அது நீடிப்பது ஒரு செக்கனின் நூறு கோடியில் சில பங்கு மட்டுமே. அந்த வட்டத்துக்குள் தொலைகாட்டி எங்கே நின்றாலும் கதிர் அகப்பட்டுவிடும். அதாவது ஒரு கருவியின் பிடிபரப்பு ஐம்பதாயிரம் சதுர மீற்றர். 2008இல் ஏவப்பட்ட பேர்மி செய்மதியின் காமாக் கதிர் உணரிக்கோ அது ஒரு சதுர மீற்றர்கூட இல்லை. நிமிடத்துக்குள் நடப்பதை அறிய நிமிடத்துக்குள் போதிய கதிர்கள் வந்து விழ வேண்டும். 2006 யூலையில் ஹெஸ் கருவிக்குச் செக்கனுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கதிர்கள் கிடைத்தன. நிமிட அளவு மாறுபாடு என்ற பேச்சே அந்தப் பரப்பால்தான் சாத்தியமாயிற்று.

ஆனால் அதற்கு விலை உண்டு. செரென்கோவ் தொலைகாட்டி இருண்ட, மேகமற்ற இரவில்தான் சரியாக வேலை செய்யும். அதன் பார்வைப் புலமும் வானில் சில பாகைகளுக்கு மேல் இல்லை. பேர்மி முழு வானத்தையும் மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை பார்த்துவிடுகிறது. ஆனால் நிமிடங்களைப் பார்ப்பது அதற்கு அரிது. ஒன்று கூர்ந்து பார்க்கிறது, மற்றது ஓயாமல் பார்க்கிறது. இரண்டும் ஒருசேரக் கிடைப்பதில்லை.

தாரையை இன்னும் வேகமாக்குவது

1996 மேயில் விப்பிள், மார்க்காரியன் 421இல் அரை மணித்தியாலத்தில் எழுந்து அடங்கிய ஓர் எழுச்சியைப் பதிந்தது. 2005இல் லா பால்மா தீவின் மஜிக் தொலைகாட்டி மார்க்காரியன் 501 என்ற பிளேசாரில் சில நிமிடங்களில் இரட்டித்த ஒளியைக் கண்டது. அடுத்த ஆண்டு நமீபியா. இவற்றுக்கு முதலில் வந்த விடை பழைய மருந்தின் அளவைக் கூட்டுவதாக இருந்தது: டொப்ளர் காரணி 10 அல்ல, 50 அல்லது அதற்கு மேல்.

வாதம் வலுவானது. உயர்சக்திக் காமாக் கதிர் தாழ்சக்தி ஒளித்துணிக்கையைச் சந்தித்தால் இரண்டும் மறைந்து இலத்திரன்-பொசித்திரன் சோடியாகின்றன. சிறிய இடத்தில் அடர்ந்த ஒளி இருந்தால் காமாக் கதிர் வெளியேறவே முடியாது. வெளியேறியிருக்கிறதே! ஆகவே அந்த இடம் நாம் நினைப்பதைவிடப் பெரிது. ஒளி நாம் நினைப்பதைவிட ஐதானது. காரணி 50 என்றால், செந்நகர்வையும் கணக்கில் சேர்க்கும்போது, பி.கே.எஸ். 2155-304இன் ஒளிரும் பகுதி 6 கோடி கிலோமீற்றரிலிருந்து 270 கோடி கிலோமீற்றருக்கு விரிகிறது. கருந்துளையின் ஆரைக்குக் கிட்டத்தட்டச் சமம் என்பதால் எல்லாம் பொருந்திவிட்டதாகத் தோன்றும்.

பொருந்தவில்லை. கருந்துளை நம்மைப் பொறுத்தவரை நகரவில்லை. அதன் அருகில் ஏற்படும் கலக்கங்கள் மூன்று மணித்தியாலத்துக்கு ஒன்றாகத் தாரைக்குள் ஏறினால், அவை ஒரே வேகத்தில் ஓடுவதால் இடைவெளி மாறாமல் நம்மிடமும் மூன்று மணித்தியாலத்துக்கு ஒன்றாகவே வந்துசேரும். டொப்ளர் சுருக்கம் தாரைக்கு உள்ளே பிறந்த மாறுபாட்டுக்கு உதவும். கருந்துளையிலிருந்து கொண்டுவந்த மாறுபாட்டுக்கு உதவாது. பெகல்மன், ஃபேபியன், ரீஸ் மூவரும் 2008இல் இந்த வேறுபாட்டை எடுத்துக்காட்டி, நிமிட எழுச்சிகள் தாரையில் உருவான சிறு பகுதிகளிலிருந்தே வரவேண்டும் என்று வாதிட்டார்கள். அதன் பிறகும் பல கட்டுரைகள் இந்த இரண்டையும் கலந்து பேசுவதைக் காண்கிறோம். 1966இன் பிழையைப் போலவே இதுவும் சொல்லாமல் விட்ட அனுமானத்தில் பிறப்பது.

அவதானமும் ஒத்துழைக்கவில்லை. இதே பிளேசார்களின் தாரைகளை ரேடியோ தலையீட்டுமானியால் பார்த்தால் முடிச்சுகள் ஆமை வேகத்தில் நகர்கின்றன; சிலவற்றில் ஒளியை மிஞ்சும் தோற்றவேகமே இல்லை. காரணி 50 என்றால் ஒளிக்கற்றையின் விரிவு ஒரு பாகை அளவுதான். நம்மை நோக்கிய ஒவ்வொன்றுக்கும் வேறு திசை நோக்கிய ஆயிரக்கணக்கான தாரைகள் இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்த ரேடியோ பேரடைகளில் அவ்வளவு இல்லை. தாரைக்கு வேகமான உட்தண்டும் மெதுவான வெளியுறையும் உண்டு என்பது கிசெலினியும் தவெக்கியோவும் சொன்ன சமரசம். தாரை போகப்போக வேகம் குறைகிறது என்பது மற்றொன்று. இரண்டும் தாங்கக்கூடியவை. ஆனால் அவை முரண்பாட்டை ஒழித்துக்கட்டுவதைவிட அதற்கு இடம் ஒதுக்கிக் கொடுக்கின்றன என்றே சொல்லத் தோன்றுகிறது.

தாரைக்குள் சிறு தாரைகள்

2009இல் ஜியானியொஸ், உஸ்டென்ஸ்கி, பெகல்மன் வேறு வழி காட்டினார்கள். தாரை காந்தச் சக்தி நிறைந்தது. எதிர்த்திசைக் காந்தக் கோடுகள் உரசும் இடத்தில் அவை அறுந்து மறுபடி இணைகின்றன. சூரியனின் மேற்பரப்பில் நடப்பதும் இதுதான். அப்போது பிளாஸ்மா உருண்டைகள் தாரையின் உள்ளேயே ஒளிவேகத்தை நெருங்கி எறியப்படுகின்றன. தாரையின் வேகமும் உருண்டையின் வேகமும் சேர்ந்தால் கூட்டுக் காரணி எளிதாக 50ஐத் தாண்டும். தாரை முழுவதும் அவ்வளவு வேகமாக ஓட வேண்டியதில்லை. ரேடியோவில் தெரியும் மெதுவான முடிச்சுகளோடும் பகையில்லை.

நிலவும் விளக்கங்களில் இதுவே மிக முதிர்ந்தது என்பது என் மதிப்பீடு. காரணம், சோதிக்கக்கூடிய ஒன்றை இது முன்கூட்டிச் சொல்கிறது. பெரிய உருண்டைகள் மெதுவாக வளர்ந்து மணித்தியாலக்கணக்கில் நீளும் பரந்த மேடாகத் தெரிய வேண்டும். அதன் முதுகில் சிறிய, வேகமான உருண்டைகள் கூரிய முட்களாக எழ வேண்டும். 2006இன் பதிவைப் பார்ப்பவருக்கு இது உடனே நினைவுக்கு வரும். ஆயினும் உருண்டைகளை உருவாக்கிக் காட்டும் கணினி உருவகப்படுத்தல்கள் உண்மையான தாரையின் பருமனில் மிகமிகச் சிறிய பங்கையே கையாள்கின்றன. இடையிலுள்ள பெருக்கம் முழுவதும் நீட்டிப்பு, அதாவது நம்பிக்கை. தவிர, உருண்டை எறியப்படும் திசை நம் பக்கம் நன்றாக அமைந்தால்தான் இவ்வளவு பிரகாசம் கிடைக்கும்.

காந்த மீளிணைப்புக்குப் போட்டியாக நிற்பது அதிர்ச்சி அலை. 2021 டிசம்பரில் ஏவப்பட்ட இக்ஸ்பே செய்மதி, 2022 மார்ச்சில் மார்க்காரியன் 501இன் எக்ஸ்-கதிர்கள் ஏறக்குறைய பத்துச் சதவீதம் முனைவாக்கம் பெற்றிருப்பதை அளந்தது. அது கட்புல ஒளியின் முனைவாக்கத்தைப்போல் இரண்டு மடங்கு. துணிக்கைகள் ஓர் அதிர்ச்சி முகப்பில் சக்தி பெற்று, விலகிச் செல்லச்செல்ல அதை இழக்கின்றன என்ற படத்துக்கு இது நன்கு பொருந்துகிறது. அதிர்ச்சி அலைக்காரர்கள் மகிழ்ந்ததில் நியாயம் உண்டு. ஆனால் அந்த அளவீடு ஒரு நாளுக்கு மேற்பட்ட பதிவின் சராசரி. பேரடையும் அப்போது சாதாரண நிலையில் இருந்தது. நிமிட எழுச்சியின் நடுவில் முனைவாக்கம் எப்படி இருக்கும் என்பதை அது சொல்லவில்லை. தாரை வழக்கமாக அதிர்ச்சியால் ஒளிர்ந்து, அபூர்வமாக மீளிணைப்பால் வெடிக்கலாம். இரண்டில் ஒன்றையே தெரிவுசெய்ய வேண்டும் என்ற கட்டாயம் எதுவுமில்லை.

கருந்துளையின் வாசலிலா?

2012 நவம்பரில் பேர்சியஸ் கொத்திலுள்ள ஐ.சி. 310 என்ற பேரடை மஜிக் கருவியில் 4.8 நிமிடத்தில் மாறியது. அதன் தாரை நம்மை நேராக நோக்கவில்லை. பத்து முதல் இருபது பாகை விலகியிருக்கிறது. பெரிய டொப்ளர் காரணி இங்கே கைகொடுக்காது. கருந்துளையின் பருமனைக் கடக்க ஒளிக்கு 20 நிமிடத்துக்கு மேல் வேண்டும் என்று கணிக்கப்பட்டது. ஆகவே எழுச்சி தாரையிலிருந்து அல்ல, கருந்துளையைச் சுற்றிய காந்தக்கோளத்தில் துணிக்கைகள் வறண்டுபோன ஓர் இடைவெளியிலிருந்து, துடிவிண்மீன்களில் நடப்பதுபோன்ற மின்புல முடுக்கத்தால் வந்தது என 2014இல் சயன்ஸ் இதழில் மஜிக் குழுவினர் எழுதினார்கள்.

கவர்ச்சியான கருத்து, கருந்துளையின் விளிம்பையே நேரடியாகப் பார்க்கிறோம் என்றல்லவா ஆகிறது! ஆனால் காமாக் கதிர் அங்கிருந்து தப்ப வேண்டுமானால் சுற்றிலும் ஒளி மிகக் குறைவாக இருக்க வேண்டும். அதாவது கருந்துளை மிகக் குறைவாக உண்ண வேண்டும். அப்படிப் பட்டினி கிடக்கும் கருந்துளையிடம் அந்த அளவு வெளிச்சத்துக்குச் சக்தி உண்டா என்பது சந்தேகம். போதாக்குறைக்கு, ஐ.சி. 310இன் கருந்துளை நிறையே பின்னர் கேள்விக்குள்ளானது. நிறை சிறிதானால் புதிரின் பாதி கரைந்துவிடும். நமக்கு அண்மையிலுள்ள எம்87 என்ற பேரடையில், 2008ஆம் ஆண்டு எழுச்சியின்போது ரேடியோ மையமும் சேர்ந்து பிரகாசித்தது. கதிர் கருந்துளைக்கு அருகில் பிறக்கலாம் என்பதற்கு அது நல்ல சான்று. ஆனால் எம்87 மாறுவது நாள்கணக்கில். 650 கோடி சூரிய நிறையுள்ள அந்தக் கருந்துளைக்கு அது இயல்பான கால அளவே. இந்த விடை சில பேரடைகளுக்குச் செல்லும் என்று ஏற்கலாம். எல்லாவற்றுக்கும் நீட்டுவது கடினம்.

எதிர்த்திசையில் இழுப்பது பி.கே.எஸ். 1222+21. 2010 யூன் 17 அன்று மஜிக் அதை அரை மணித்தியாலமே பார்த்தது. அதற்குள் ஒளி பத்து நிமிடத்தில் இரட்டித்தது. இது குவாசார் வகை. மையத்தைச் சுற்றி ஒளிரும் வாயு முகில்கள் அடர்ந்திருப்பதால், உள்ளே பிறக்கும் உயர்சக்திக் காமாக் கதிர்கள் அங்கேயே விழுங்கப்பட்டுவிடும். ஆகவே கதிர் முகில்களுக்கு வெளியே, கருந்துளையிலிருந்து வெகு தொலைவில் பிறந்திருக்க வேண்டும். அங்கே தாரை அகன்றிருக்கும். அதன் குறுக்களவில் மிகச் சிறிய பங்கு மட்டும் இப்படிப் பளிச்சிட்டது ஏன்? தாரை குவிந்து நெரிகிறது என்கிறார்கள் சிலர். வழியில் ஒரு விண்மீன் அகப்பட்டு அதன் உறை கிழிபடுகிறது என்கிறார்கள் வேறு சிலர். எதையும் தள்ளிவிட முடியவில்லை. எதற்கும் தனிச் சான்றும் இல்லை.

சத்தத்துக்குள் தேடுதல்

பிளேசாரின் ஒளி நேரத்தோடு ஏறி இறங்கும் கோடு, மெதுவான அலைகள் பெரிதாகவும் வேகமானவை சிறிதாகவும் அமைந்த சிவப்புச் சத்தம் என்ற வகையைச் சேர்ந்தது. அவ்வகைத் தொடரில் தற்செயலாகவே அழகான மேடுகளும் ஒழுங்கான சுற்றுகளும் தோன்றும். சில சுற்றுகளை வைத்து ஆவர்த்தனம் என்று அறிவித்த கட்டுரைகள் பல; நீண்ட பதிவில் தாக்குப்பிடித்தவை சிலவே. பி.ஜி. 1553+113இன் இரண்டு ஆண்டுச் சுற்று அத்தகைய கவனமான விதிவிலக்கு. ரேடியோவில் இன்னொரு பாடம் கிடைத்தது. பி.கே.எஸ். 0405-385 போன்றவற்றில் மணித்தியாலங்களில் கண்ட மாற்றம் பேரடையுடையதே அல்ல. நமது பேரடையின் வாயு வழியே வரும்போது ஏற்பட்ட மினுக்கம். காமாக் கதிருக்கு அந்த மினுக்கம் கிடையாது. இருந்தும் மாற்றம் தெரிகிறது என்றவுடன் மூலம் மாறுகிறது என்று பாயக்கூடாது என்ற எச்சரிக்கை தங்கிவிட்டது.

மார்க்காரியன் 501இன் 2005 எழுச்சியில் உயர்சக்திக் கதிர்கள் தாழ்சக்திக் கதிர்களைவிட ஏறக்குறைய நான்கு நிமிடம் பிந்தி வந்ததாகத் தெரிந்தது. வெற்றிடத்தில் ஒளியின் வேகமே சக்திக்கேற்ப மாறுகிறதா என்று பெரும் பேச்சு எழுந்தது. மறு ஆண்டு, அதைவிடத் தொலைவிலுள்ள பி.கே.எஸ். 2155-304இல் அப்படியொரு பிந்தலைக் காணவில்லை. துணிக்கைகள் சக்தி பெற எடுத்த நேரம் என்ற சாதாரண விளக்கமே இன்று பெரிதும் ஏற்கப்படுகிறது.

இந்தியாவின் அஸ்ட்ரோசாற் செய்மதி (2015 செப்ரெம்பர் 28, ஸ்ரீஹரிகோட்டா) இங்கே ஒரு சிறிய, ஆனால் கூரிய பங்களிப்பைச் செய்தது. கொல்கத்தாவின் ரிதபன் சட்டர்ஜியும் குழுவினரும் அதன் எக்ஸ்-கதிர்ப் பதிவுகளையும் ஸ்விஃப்ற் செய்மதியின் பழைய பதிவுகளையும் சேர்த்து ஆராய்ந்தனர். மார்க்காரியன் 421இன் மாறுபாட்டு நிறமாலையில் ஒரு குறிப்பிட்ட கால அளவில் முறிவு இருப்பதாக 2018இல் காட்டினர். கருந்துளையைச் சுற்றிய வட்டுகளில் காணப்படும் முறிவை அது ஒத்திருந்தது. வட்டின் தாளம் தாரைக்குள் கடத்தப்படுகிறது என்பதற்கு இது ஓர் அறிகுறி. அப்படியானால் மெதுவான மாறுபாடு கருந்துளையிலிருந்தும் வேகமானது தாரையிலிருந்தும் வரலாம். ஒரு பேரடையிலாவது இரண்டையும் பிரித்துக் கேட்க முடிந்திருக்கிறது.

ஒரே நெடுங்கோட்டில்

மேலே வந்த இரவுகளை மறுபடி பாருங்கள்: 1996 மே, 2005 யூலை, 2006 யூலை, 2010 யூன், 2012 நவம்பர். பேர்மி 3சி 279இல் ஐந்து நிமிடத்துக்கும் குறைந்த மாறுபாட்டைக் கண்ட 2015 யூன் நாளையும் சேர்த்துக்கொள்ளலாம். அன்றுகூட வழக்கமான வான்வலத்தை நிறுத்தி அந்தப் பேரடையைத் தனியே நோக்கச் செய்ததால்தான் அது பிடிபட்டது. இத்துறையின் கோட்பாடுகள் திரும்பத் திரும்பச் சுட்டுவது விரல்விட்டு எண்ணக்கூடிய இந்த இரவுகளையே. அவை எழுச்சி நடந்த இரவுகளின் மாதிரி அல்ல. எழுச்சி நடக்கும்போது சரியான கருவியின் மேல் இருட்டும் தெளிந்த வானமும் இருந்த இரவுகளின் மாதிரி.

கட்புல ஒளி வானியலாளர்கள் இந்தப் பிழையை முன்பே உணர்ந்தவர்கள். கோபால்-கிருஷ்ணா, போல் வீற்றா, சி. எஸ். ஸ்டாலின், ராம் சாகர் ஆகியோர் 1990களிலிருந்து நைனிடாலில் ஒரு மீற்றர் தொலைகாட்டியைக்கொண்டு ஒரே பொருளை இரவில் பல மணித்தியாலம் தொடர்ந்து பார்த்தார்கள். எவ்வளவு மாறியது என்பதோடு எத்தனை இரவில் மாறியது, எத்தனை இரவில் மாறவில்லை என்பதையும் எண்ணினார்கள். பி.எல். லசேர்ட்டே வகைப் பொருள்கள் பெரும்பாலான இரவுகளில் மாறின. தாரை வலுவில்லாத குவாசார்கள் சிறிதாகவும் அரிதாகவும் மாறின. மாறாத இரவைப் பதிவுசெய்வது பெருமைக்குரிய வேலையல்ல. ஆனால் தாரையே காரணம் என்ற முடிவுக்கு வலுச்சேர்த்தது அந்த எண்ணிக்கைதான். இத்துறைக்குத் தென்னாசியா செய்த மிகப் பயனுள்ள காரியம் இது என்பேன்.

காமாக் கதிரில் அந்த எண்ணிக்கையை எடுக்க முடியாததற்கு ஒரு காரணம் புவியியல். அரிசோனா மேற்கு நெடுங்கோடு 111 பாகை, லா பால்மா மேற்கு 18, நமீபியா கிழக்கு 16. அரிசோனாவில் விடிந்தபின் நமீபியாவில் அதே நிலைக்கு இரவு சுழன்றுவரப் பதினைந்து மணித்தியாலத்துக்கு மேலாகிறது. 2024 ஒக்ரோபர் 4 அன்று லடாக்கின் ஹன்லேயில், 4,300 மீற்றர் அளவு உயரத்தில், 21 மீற்றர் விட்டமுள்ள மேஸ் தொலைகாட்டி திறந்துவைக்கப்பட்டது. அதே மேட்டில் 2008 முதல் ஹகார் என்ற ஏழு தொலைகாட்டி அணி இயங்கிவந்தது. ஹன்லே கிழக்கு 79 பாகை. பதினைந்து மணித்தியால இடைவெளி இதனால் ஏறக்குறைய பதினொன்றாகக் குறைகிறது. இப்போது எழுந்துவரும் செரென்கோவ் தொலைகாட்டி அணி எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் அதன் இரு தளங்களும் லா பால்மாவிலும் சிலியிலும்தான். இந்த ஓட்டையை அது அடைக்காது.

ஹன்லேயும் நைனிடாலும் வாணியம்பாடிக்கு அருகிலுள்ள காவலூரும் கொழும்பும் ஏறக்குறைய ஒரே நெடுங்கோட்டில் இருப்பதை இங்கே குறிப்பிடலாம். கொழும்பின் வெள்ளவத்தைக்கு மேல் ஒரு பேரடை உச்சிக்கோட்டைக் கடந்து சில நிமிடங்களில் அது ஹன்லேயிலும் கடக்கிறது. கொழும்பின் அகலக்கோடு வடக்கு 7 பாகை. வடவானின் மார்க்காரியன் 421 இங்கிருந்து ஏறக்குறைய 59 பாகை உயரத்துக்கு ஏறும், தென்வானின் பி.கே.எஸ். 2155-304 ஐம்பது பாகையைத் தாண்டும். 3சி 279 உச்சிக்கு அருகிலேயே போகும். ஹன்லேயிலிருந்து பி.கே.எஸ். 2155-304 தாழ்வாகவே தெரியும்.

கொழும்பில் கொட்டாஞ்சேனைக்கு மேல் துறைமுக வெளிச்சம், வெள்ளவத்தையில் காலி வீதியின் வெளிச்சம், கடலின் ஈரம். இங்கே செரென்கோவ் கருவியை எவரும் கனவுகூடக் காணமாட்டார்கள். கட்புல ஒளியின் கதை வேறு. பிளேசாரையும் பக்கத்து விண்மீன்களையும் ஒரே படத்தில் எடுத்து ஒப்பிடும்போது மெல்லிய புகாரும் வெளிச்ச மாசும் இரண்டையும் ஒருசேரப் பாதிப்பதால் பெருமளவு கழிந்துபோகின்றன. மார்க்காரியன் 421 பொதுவாகப் பதின்மூன்றாம் தரப் பிரகாசத்தை அண்டியது. கட்டுபெத்தையிலுள்ள ஆதர் சி. கிளார்க் நிறுவகத்தில் ஜப்பான் வழங்கிய 45 சென்ரிமீற்றர் தொலைகாட்டியின் அளவுக்கு அது எட்டாத பொருளல்ல. அது நள்ளிரவில் உச்சிக்கு வருவது மார்ச் தொடக்கத்தில். சனவரி முதல் மார்ச் வரை கொழும்பு வானம் ஓரளவு தெளிவாக இருக்கும் காலமும் அதுவே. பி.கே.எஸ். 2155-304இன் பருவம் தென்மேற்குப் பருவமழையோடு மோதுகிறது. அதை விட்டுவிட வேண்டியதுதான். உலகெங்கும் சிறு தொலைகாட்டிகளை ஒன்றிணைத்து 1997 முதல் இயங்கும் முழுப்புவி பிளேசார் தொலைகாட்டி என்ற கூட்டமைப்பு இத்தகைய பதிவுகளால்தான் வாழ்கிறது. ஹன்லேயில் ஓர் எழுச்சி பிடிபடும்போது அதே நிமிடத்தில் கட்புல ஒளி என்ன செய்தது என்ற தரவு எளிதில் கிடைப்பதில்லை.

திறந்து கிடப்பவை

சில விடயங்கள் ஓரளவு தீர்ந்துவிட்டன. வேகமான மாறுபாடு உண்மையானது, கருவியின் மாயையல்ல. அது ஒளிரும் பகுதியின் பருமனைக் கட்டுப்படுத்துகிறது, கருந்துளையின் பருமனை அல்ல. ஒரே டொப்ளர் காரணியுள்ள ஒற்றை உருண்டை என்ற பாடப்புத்தகப் படம் முதல் மதிப்பீட்டுக்கு உதவும், அதற்கு மேல் உதவாது.

புரோத்தன்களின் பங்கு திறந்தே இருக்கிறது. 2017 செப்ரெம்பர் 22 அன்று தென்துருவத்தின் ஐஸ்கியூப் உணரி பிடித்த நியூத்திரினோ, அப்போது எழுச்சியிலிருந்த டி.எக்ஸ்.எஸ். 0506+056 என்ற பிளேசாரின் திசையிலிருந்து வந்தது. தாரைகளில் புரோத்தன்களும் முடுக்கப்படுகின்றன என்பதற்கு அது வலுவான குறிப்பு. ஆனால் அதே திசையில் 2014-15இல் வந்த நியூத்திரினோக் கொத்தின்போது காமாக் கதிர் எழுச்சி எதுவும் இல்லை. புரோத்தன்கள் சக்தியை மெதுவாக இழப்பவை. அவற்றைக்கொண்டு நிமிட எழுச்சியை விளக்க மிக வலிய காந்தப்புலம் தேவை. நியூத்திரினோ தரும் தாரைப்பகுதியும் நிமிடங்களில் மின்னும் பகுதியும் ஒன்றுதானா என்பதற்கு இன்றைய தரவு விடை தரவில்லை.

எழுச்சியின் நடுவில் முனைவாக்கத்தை அளக்க, இக்ஸ்பேயைவிடப் பன்மடங்கு பிடிபரப்புள்ள கருவி வேண்டும். அது நாளைக்கு நடக்கும் காரியமல்ல. அதற்கு முன் செய்யக்கூடியது எண்ணுவது. மீளிணைப்பு உண்மையானால் கூரிய முட்கள் பரந்த மேடுகளின் மேல்தான் அதிகம் வர வேண்டும். அமைதியான இரவில் தனித்து வருவது அபூர்வமாக இருக்கும். காந்தக்கோள இடைவெளி உண்மையானால் கருந்துளை குறைவாக உண்ணும் காலத்தில், பேரடை மங்கலாக இருக்கும்போதே அவை வரக்கூடும். தாரையில் விண்மீன் அகப்படுவது உண்மையானால் எழுச்சிகளுக்குள் எந்த உறவும் இருக்காது. மார்க்காரியன் 421இல் தொடங்கலாம்: மங்கிய இரவுகளையும் விடாமல், அரிசோனா, லா பால்மா, ஹன்லே மூன்றிலிருந்தும் அடுத்தடுத்துச் சில பருவங்கள்.